இடது பக்கம் ஒன்பது சென்டிமீட்டர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. குடை ஆபீசில். சுவா சூ காங் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்குள் செருப்பு, பேன்ட் எல்லாம் ஈரம். ரயிலில் கர்ப்பிணிகளுக்கான சீட்டில் ஒருவன் தூங்குவது போல் நடித்தான். ஸ்டேஷன் பெயர் சொல்லும்போதெல்லாம் ஒரு கண் திறந்தது. நாசமாய்ப் போக.

ஸ்கேன் 10.20 என்றார்கள். கூப்பிட்டது 11.35.

பிள்ளை: பதினைந்து வாரம். இதயத் துடிப்பு சரி. ஒரு கையைத் தூக்கி யாரையோ திட்டுவது போல வைத்திருந்தது. சந்தேகமே இல்லை, என் பிள்ளைதான்.

கட்டி: இடது சினைப்பை. ஒன்பது சென்டிமீட்டர். போன தடவை ஆறு.

டாக்டர் சுற்றி வளைக்காதவர். யாழ்ப்பாணத்துக் குடும்பமாம், ஆனால் பேச்சு நம்ம ஊர்ப் பேச்சுதான். "இது தானா கரையிற கட்டி இல்ல செல்வி. இந்த சைஸ்ல எப்ப வேணும்னாலும் திருகிக்கலாம். திருகிட்டா ரத்தம் போகாது, சினைப்பை செத்துடும். அப்ப அவசரத்துல ஆப்பரேஷன் பண்றது பிள்ளைக்கும் நல்லதில்ல. அடுத்த வாரமே எடுத்துடலாம்."

பதினாறாவது வாரம்தான் தோதாம். முன்னால் செய்தால் கரு கலையும் பயம். தள்ளிப் போட்டால் கருப்பை பெரிதாகி உள்ளே கருவி நுழைய இடம் இருக்காது. கீஹோல். நான்கு சின்னத் துளை. கேமரா விட்டுப் பார்த்து, கட்டியை மட்டும் உரித்து, ஒரு பைக்குள் போட்டு வெளியே எடுப்பார்கள். சினைப்பையை விட்டுவைப்பார்கள். கட்டிக்குள் முடி, பல்கூட இருக்கலாமாம். 

எனக்கு வலது பக்கச் சினைப்பை இல்லை. இருபத்து நான்கு வயதில் போனது. செம்பவாங் வீட்டில் ஒரு சாயங்காலம் வலி ஆரம்பித்தது. "காத்து லா, வெறும் காத்து" என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு மறுபடி ஓமத் தண்ணீர். தொப்புளில் விளக்கெண்ணெய். மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது திருகிக் கறுத்துப் போயிருந்தது. வயிற்றைக் கீறி எடுத்துப் போட்டார்கள். பன்னிரண்டு வருடம். மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

இடதும் போனால் இந்தப் பிள்ளைக்கு அப்புறம் வேறு கிடையாது. முப்பத்தாறு வயதில் கிழவி ஆகிவிடுவேன். இந்தப் பிள்ளை தங்குமா என்பது அதற்கும் மேலே.

குமரனிடம் சொன்னேன். கட்டியவனிடம் சொல்லாமல் முடியுமா. "அத்தைகிட்ட நீ சொல்லாதே" என்றும் சொன்னேன். அவன் வேலை செய்யும் பஸ் டிப்போ இரைச்சலில் பாதிதான் கேட்டதாம். அரை மணி நேரத்தில் அம்மாவிடமிருந்து போன்.

இனி இந்த நோட்டில் அவள் அ. தான். முழுதாக எழுத எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

வெயில். தஞ்சோங் பகார் ஆபீசில் ஏசி வேலை செய்யவில்லை. மேனேஜருக்கு மட்டும் தனி ஃபேன்.

இன்று பார்த்த இன்ஷூரன்ஸ் கிளெய்ம்கள் பதினேழு. நிராகரித்தது நான்கு. பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கேட்காத விவரத்தைச் சேர்ப்பார்கள். "தரை ஈரமாக இருந்ததால் விழுந்தேன்" என்பவன் உண்மை. "தரை ஈரமாக இருந்தது, பக்கத்தில் ஒரு பச்சை வாளி இருந்தது, ஒரு மலாய்க்காரம்மா அப்போதுதான் துடைத்துவிட்டுப் போனார்" என்பவன் புளுகன். பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

லீவ் கேட்டேன். மே., "கீஹோல்தானே, மூணு நாள் போதும்ல" என்கிறான். அவன் வயிற்றில் நான்கு துளை போட்டுக் கேட்கவேண்டும்.

அ. ஒரே நாளில் ஆறு போன். "முட்டைப்பைய விட்டுடுவாங்கல்ல?" "பிள்ளைக்கு மயக்க மருந்து ஏறாதா?" "அந்த டாக்டருக்கு என்ன வயசு?" ஏழாவதை எடுக்கவில்லை.

வாங்க வேண்டியது: தொளதொள பாவாடை, ஸ்ட்ரா, இருமினால் வயிற்றில் அணைத்துக்கொள்ளச் சின்னத் தலையணை.

ஜூன் 14, சனி

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை. ரத்தம், பிரஷர், கையெழுத்து, மறுபடி கையெழுத்து. குமரனுக்கு (அவனும் இனி கு.) ஷிஃப்ட். கூட வந்தது யார்? அ. கேட்காமலே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நல்ல சேலை கட்டி நின்றாள், கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி.

நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள். திங்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் சாப்பாடு, பால், காப்பி எதுவும் கூடாது. செவ்வாய் காலை ஆறு மணி வரை வெறும் தண்ணீர் மட்டும். அ. விடவில்லை.

"மாத்திரை போட வாய்ல தண்ணி வைக்கலாமா?"

"ஆறு மணி வரைக்கும் ஓகே ஆன்ட்டி."

"ஹார்லிக்ஸ்?"

"கூடாது ஆன்ட்டி."

"ஏன் கூடாதுன்னு சொல்லுங்க. எனக்குப் புரியணும்."

மயங்கிக் கிடக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும், கர்ப்பிணிகளுக்கு அந்த ஆபத்து கூட என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். அ. அதையும் கண்ணாடி போட்டுக்கொண்டு தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. எனக்குத் தலை குனிந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்த அக்கறை எங்கே போயிருந்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

பிறகு தேக்கா மார்க்கெட்டுக்கு இழுத்துப் போனாள். வெற்றிலை, வாழைப்பழம், பூ. சிராங்கூன் ரோடு முழுக்கச் சனிக்கிழமைக் கூட்டம். கோயிலில் என் பெயர், நட்சத்திரம் சொல்லித் திங்கள் சாயங்கால அபிஷேகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். நான் வெளியே நின்றேன். எனக்கும் சாமிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருபத்து நான்கு வயதிலேயே முடிந்த கதை.

இரண்டு பெண்கள் கடந்து போனார்கள். "அவளுக்கு ரெண்டாவதும் பொண்ணுதான், ஆனா வீடு ஈஸ்ட் கோஸ்ட்ல, கடலப் பாத்த மாதிரி" என்றாள் ஒருத்தி.

கால் வீக்கம்.

ஜூன் 16, திங்கள்

பை கட்டியாச்சு. ஐசி கார்டு, ஸ்கேன் படங்கள், சார்ஜர், பாவாடை, தலையணை. நோட்டும்.

சாயங்காலம் அ. கோயிலிலிருந்து நேராக வந்துவிட்டாள், ஹாலில் படுக்கப் போகிறாளாம். ஒரு சின்னத் தூக்கில் அபிஷேகப் பால். ஃப்ரிட்ஜில் என் தயிரைத் தள்ளிவிட்டு அதை வைத்தாள். திருநீறு பூச வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கு. "அதுல என்ன இருக்கு, பூசிக்கயேன்" என்கிறான். இவனுக்கு எல்லாரும் நல்லவர்கள்.

எட்டு மணிக்கே சாப்பாடு. ரசம், உருளைக்கிழங்கு. கடைசி வாய் வரைக்கும் அ. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஆபரேஷன் நடக்கவில்லை.

நடந்தது இதுதான். ஏழு மணிக்கு அட்மிஷன். உடுப்பு மாற்றியாச்சு. பிள்ளையின் துடிப்பைப் பார்த்தாச்சு, நன்றாக இருந்தது. மயக்க மருந்து டாக்டர், சீனப் பெண், சின்ன வயது, திரைச்சீலைக்குள் வந்து கேட்டாள்: பன்னிரண்டு மணிக்கு மேல் ஏதாவது சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா?

பால் குடித்தேன் என்றேன். காலை ஐந்தரைக்கு. அரை டம்ளர்.

அவள் பேனாவை மூடினாள். ஏன் குடித்தீர்கள்?

அம்மா கொடுத்தார்கள் என்றேன்.

அ. அப்போது என் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கோயில் பால். நெற்றியில் திருநீறு பூசி, டம்ளரை வாயருகே கொண்டுவந்து, "ஒரு வாய்தான், சாமி பால், ஒண்ணும் செய்யாது" என்றாள். அந்த நேரத்தில் யாரால் மறுக்க முடியும்?

என் டாக்டர் வந்தார். கோபப்படவில்லை, அது இன்னும் மோசம். "மத்தியானத்துக்கு மேல எனக்குத் தியேட்டர் இல்ல. திங்கக்கிழமை மொத கேஸா வச்சுக்கலாம். அதுவரைக்கும் வலி, வாந்தி ஏதாவது வந்தா ஒரு நிமிஷம்கூட நிக்காம வந்துடணும்."

கு. வாழ்க்கையில் முதல் தடவையாக அ.விடம் குரலை உயர்த்தினான். "படிச்சுப் படிச்சு சொன்னாங்களே அத்தை. தாள்லகூட எழுதிக்கிட்டீங்களே. உங்க மகளுக்கு இன்னும் எத்தன தடவ இப்படிச் செய்வீங்க?"

அ. வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். தப்பு செய்தவள் வேறு என்ன பேசுவாள்.

வீட்டுக்கு வந்து இட்லி நான்கு.

ஜூன் 18, புதன்

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கு. காலையில் அ.வுக்குப் போன் செய்து, கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "சரிங்க தம்பி" என்றாளாம். அவ்வளவுதானாம். இதற்கே ஒரு மணி நேரம் சண்டை போடுகிற பொம்பளை.

போன் இன்று ஒன்றுகூட இல்லை. நிம்மதி.

வாஷிங் மெஷின் குலுங்குகிறது, ஆள் கூப்பிட வேண்டும். திங்கள் வரைக்கும் ஐந்து நாள். படியில் இறங்கினால் பயம், திரும்பிப் படுத்தால் பயம். இடது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு (ஆஸ்பத்திரி, படுக்கை 14)

எழுத முடிகிறது. வலது தோளில் வலி. வயிற்றில் ஊதிய காற்று மேலே ஏறுவதாலாம், இரண்டு நாளில் போகுமாம்.

நேற்று சனி. கு. வேலைக்குப் போயிருந்தான். பதினொன்றேகாலுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் கத்தியை விட்டுச் சுழற்றிய மாதிரி. உட்கார்ந்தேன். போய்விட்டது. மறுபடி வந்தது, வாந்தியோடு. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? காத்தாக இருக்கும். காலையில் சாப்பிட்ட கடலையாக இருக்கும். பதினோரு வருடம் மெடிக்கல் ரிப்போர்ட் படித்தவள், டாக்டர் தமிழில் எச்சரித்து அனுப்பியவள், கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து காத்து என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு போன் எடுத்தேன். கு.வுக்கு அடிக்கவில்லை. ஆம்புலன்சுக்கு, 995க்கு, அடிக்கவில்லை. விரல் போனது அ.வுக்கு.

"அம்மா, வயித்த வலிக்குது. காத்துன்னு நெனைக்கிறேன்."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"காத்துன்னு சொல்லாத. நான் ஒரு தடவ சொன்னது போதும். கதவத் தொறந்து வச்சுட்டு அங்கயே படு. ஆம்புலன்ஸ நான் கூப்புடுறேன்."

பன்னிரண்டு வருடத்தில் அவள் அதைப் பற்றி வாய் திறந்தது அப்போதுதான்.

ஆம்புலன்ஸ். ஸ்கேன். திருகிக்கொண்டுவிட்டது. உடனே தியேட்டர். தள்ளுவண்டியில் கிடக்கிறேன், அ. செம்பவாங்கிலிருந்து டாக்சி பிடித்து வந்துவிட்டாள், வீட்டுச் சேலை, கலைந்த தலை. கு.வும் டிப்போ சட்டையோடு ஓடி வந்தான். அவளைப் பார்த்ததும் அவனுக்குப் பொங்கிவிட்டது. காரிடாரில் நான்கு பேர் முன்னால்: "செவ்வாக்கெழமையே முடிஞ்சிருக்கும். ரெண்டு உசுரு உள்ள கெடக்கு. உங்க ஒரு டம்ளர் பாலால."

அ. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எல்லாம் கேட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. கதவு மூடிக்கொண்டது.

கண் விழித்ததும் பிள்ளை என்றேன். துடிக்கிறது என்றார்கள். வயிற்றில் ஜெல் பூசிக் காட்டினார்கள், குதிரை ஓடும் சத்தம். சினைப்பை நீலமாக இருந்ததாம். திருகலைப் பிரித்துவிட்டு டாக்டர் காத்திருந்தாராம். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியதாம். கட்டியை உரித்து எடுத்துவிட்டார்கள். "இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா விட்டு வச்சிருக்க முடியாது" என்றார்.

அ. வெளியே இருக்கிறாளா என்று கேட்டேன். கு. அனுப்பிவிட்டானாம்.

ஜூன் 23, திங்கள்

தோள்வலி குறைவு. கஞ்சி. பக்கத்துப் படுக்கைக்காரி போனில், "இல்ல லா, சிசேரியன் இல்ல, சும்மா ஒரு கட்டி" என்று எல்லாரிடமும் சொல்கிறாள்.

17ஆம் தேதி எழுதியதைப் படித்தேன். பொய்.

யாரும் படிக்காத நோட்டு இது. இதில்கூட.

அ. எனக்குப் பால் கொடுக்கவில்லை. திங்கள் சாயங்காலம் தூக்கை ஃப்ரிட்ஜில் வைத்தபோதே சொன்னாள்: "இதத் தொடக்கூடாது. எல்லாம் முடிஞ்சு டாக்டர் சரின்னு சொன்ன பெறகுதான்." செவ்வாய் காலை ஐந்தரைக்கு அவள் குளித்துக்கொண்டிருந்தாள். கு. தூங்கிக்கொண்டிருந்தான். நான் சமையலறையில் தனியாக நின்றேன். உள்ளே இருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டால், கும்பிடாதவள் என்பதால் ஆகிவிட்டால் என்று ஒரு எண்ணம். நான், சாமியோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். தூக்கைத் திறந்து நின்றபடியே குடித்தேன். டம்ளர்கூட இல்லை.

"ஒரு வாய்தான், சாமி பால்" என்று அவள் சொன்னதாக வேறு எழுதியிருக்கிறேன். திருநீறு பூசியதாக. கேட்காத விவரம். என் மேசைக்கு இப்படி ஒன்று வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் நிராகரித்திருப்பேன்.

குடித்ததை மறைக்கவில்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. ஆனால் ஏன் என்று கேட்டதும் அவள் பெயர் தானாக வந்தது. எல்லாரும் உடனே நம்புவார்கள் என்று தெரியும். ஓமத் தண்ணீர் கொடுத்தவள்தானே.

நான் கேவலமானவள். எழுதியாச்சு.

ஜூன் 26, வியாழன்

வீடு. வெயில் கொளுத்துகிறது. நான்கு பிளாஸ்டர்கள், தொப்புளுக்கு மேலே ஒன்று, பக்கவாட்டில் மூன்று. குனிய முடியவில்லை. வாஷிங் மெஷின் ஆள் வரவில்லை.

கு. தேநீர் கொண்டுவந்தபோது சொல்லிவிட்டேன். "அம்மா குடுக்கல. நானேதான் எடுத்துக் குடிச்சேன்."

கப்பை மேசையில் வைத்தான். "காரிடார்ல நான் பேசினது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுக்கிட்டுச் சும்மா படுத்திருந்தியா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனான். ஜன்னலில் பார்த்தேன். பிளாக்கின் கீழ்த்தளத்தில், வாய்ட் டெக் பெஞ்சில், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அத்தைக்குப் போன் போட்டிருக்கிறான், மன்னிப்புக் கேட்க. எடுக்கவில்லையாம். சாயங்காலம் சோறு வைத்தான், துணி காயப்போட்டான். என்னிடம் பேசவில்லை.

ஜூன் 28, சனி

இன்னும் பேசவில்லை. மருந்து நேரத்தைப் பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். நானும் அ.வுக்கு மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை. இந்தத் திமிர் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் தூறல். ஆஸ்பத்திரி செக்கப், பதினெட்டாவது வாரம். புண் ஆறிவிட்டது. ரத்த ஓட்டம் சரி. பிள்ளை கால் மேல் கால் போட்டுப் படுத்திருக்கிறது. டாக்டர்: "இனிமே நார்மலா இருங்க. நடங்க, வேலைக்குப் போங்க, கனம் மட்டும் தூக்காதீங்க."

வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் செம்பவாங். பதினோராவது மாடி, லிஃப்டில் மீன் வாடை.

கதவைத் திறந்தாள். கிரில் கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியே பேச்சு.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஆறிடுச்சு. நார்மலா இருக்கலாம்னாங்க."

"பிள்ள?"

"நல்லா இருக்கு."

"பிரஷர்?"

"நார்மல்."

"குமரன்கிட்ட சொல்லிட்டியா?"

"வியாழக்கிழமையே சொல்லிட்டேன். இன்னும் பேச மாட்டேங்கிறான்."

"நல்லா வேணும்."

அப்புறம்தான் பூட்டைத் திறந்தாள். அழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். மன்னிச்சிருங்கம்மா என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் ஏன் வாயத் தொறக்கலன்னு நெனச்ச? பெரிய மனசுன்னா? வயித்துல கட்டி, பக்கத்துல பிள்ள. நான் ஒரு வார்த்த பேசியிருந்தா நீ பத்து வார்த்த பேசுவ, பிரஷர் ஏறும். அதான் முழுங்கினேன். ரெண்டு வாரமா முழுங்கிக்கிட்டு இருக்கேன், தொண்டையெல்லாம் எரியுது. இப்ப நார்மல்னு டாக்டரே சொல்லியாச்சுல்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். தலைக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துவிட்டு ஆரம்பித்தாள். அப்போது மணி இரண்டு. பால், காரிடார், மருமகன் முன்னால் பட்ட அவமானம், பன்னிரண்டு வருடமாக நான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காதது, தீபாவளிக்குப் பாதியில் எழுந்து போனது. ஓமத் தண்ணீருக்கும் வந்தாள். அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். ஒன்றையும் மறுக்கவில்லை நான். மறுக்க ஒன்றும் இல்லை.

இப்போது மூன்றரை. இதை அவள் வீட்டு டாய்லெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவுக்கு வெளியே ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம்.

"உள்ள போயிட்டா விட்டுருவேன்னு நெனைக்காத. கேக்குதா?"

கேட்கிறது என்றேன்.